வாய்க்கால் கரையில் படர்ந்திருப்பது வல்லாரைதானா?

தெஹிவளையில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன். வீட்டுப் பின்பக்கம் தெஹிவளை வாய்க்கால் ஓடுகிறதாம், கரையில் வட்ட இலைச் செடி பாய் விரித்ததுபோலப் படர்ந்து கிடக்கிறதாம். பார்த்த உடனே மாமி “இது வல்லாரை, காசு கொடுத்து ஏன் வாங்குகிறாய்” என்றிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவோ “இது கொட்டுகொல இல்லை” (வல்லாரைக்குச் சிங்களப் பெயர்) என்று தலையாட்டிவிட்டாராம். மகன் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். மூன்று மாதத்துக்குத் தினமும் வெறும் வயிற்றில் வல்லாரைச் சாறு கொடுத்தால் ஞாபகசக்தி கூடுமா, எவ்வளவு கொடுக்கலாம், சீனி வியாதிக்கும் நித்திரைக்கும் குளிசை போடும் மாமியும் அதைச் சாப்பிடலாமா என்று கேட்டு, மூன்று படங்களும் அனுப்பியிருக்கிறார்.

அன்புத் தங்கச்சி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் விளிம்பில் எடுத்த முதற்படம் வல்லாரை இல்லை, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் சரி. இரண்டாவது, அதே கரையில் கொஞ்சம் மேலே மதிலோரம் எடுத்தது, அசல் வல்லாரை. ஆனால் அதையும் பறிக்கவேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். மூன்றாவது, மாமியின் தம்பி வவுனியாவில் குளக்கட்டில் எடுத்து அனுப்பிய படம், அது மூன்றாவதொரு செடி. மாமியைக் குறை சொல்லவேண்டாம், இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பவர்களை என் மருந்தறையில் கிழமைக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

நானே அப்படி ஏமாந்தவன். கைதடியில் சித்த மருத்துவம் படித்த காலத்தில், மூலிகை வகுப்புக்கு ஆளுக்கொரு செடி கொண்டுவரச் சொன்னார்கள். நான் ஒரு வீட்டுத் தாமரைத் தொட்டி ஓரத்தில் இருந்து வட்ட இலையாக ஒரு கொத்துப் பிடுங்கிக்கொண்டுபோய், வல்லாரை என்று பெருமையாக மேசையில் வைத்தேன். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. ஒரு இலையைக் காம்போடு எடுத்து, மேசையில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புக்கு மேலே குடை பிடிப்பதுபோலப் பிடித்துக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தச் செடியை நான் தவறவிட்டதேயில்லை.

உங்கள் முதற்படத்தில் இருப்பதும் அந்தக் குடைச் செடிதான். இலையைக் கவிழ்த்துப் பாருங்கள். காம்பு இலையின் நடு வயிற்றில் வந்து ஒட்டும், அங்கிருந்து நரம்புகள் சக்கரத்தின் ஆரக்கால்போல நாலா பக்கமும் ஓடும். இலையைச் சுற்றி எந்த இடத்திலும் பிளவு இருக்காது, முழு வட்டம். வல்லாரையில் அப்படியில்லை. அதன் இலை சிறுநீரக வடிவம், ஒரு பக்கத்தில் ஆழமான பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவின் அடியில்தான் வந்து சேரும். நடுவில் ஒட்டினால் குடைச் செடி, பிளவில் ஒட்டினால்தான் மேற்கொண்டு பார்க்கவேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், இதற்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை, விரலால் தடவினாலே தெரியும்.

இந்தக் குடைச் செடியை மீன்தொட்டிக்கும் அலங்காரக் குளத்துக்கும் விற்கிறார்கள். யாரோ வேண்டாம் என்று வாய்க்காலில் கொட்டினால் அது அங்கேயே குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். கொடிய நஞ்சு என்று பயமுறுத்தமாட்டேன், ஆனால் நீங்கள் தேடும் மருந்து அதில் இல்லை. பெயரிலும் இந்த இரண்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1753 இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வல்லாரைக்குப் பெயர் வைத்தபோது ஹைட்ரோகொட்டைல் என்ற இந்தக் குடைச் செடிகளின் இனத்தில்தான் அதைச் சேர்த்தார். 1879 இல்தான் ஊர்பன் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதைப் பிரித்து சென்டெல்லா ஏசியாட்டிகா ஆக்கினார். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். பெரிய தாவரவியலாளரே ஒன்றாகப் போட்டார் என்று மாமியிடம் சொல்லுங்கள், மனம் ஆறுவார்.

சரி, பிளவில் காம்பு ஒட்டுகிறது, அதோடு வல்லாரை என்று முடிவு கட்டலாமா? கூடாது, வவுனியாப் படத்துச் செடியிலும் காம்பு பிளவில்தான் இருக்கிறது. அது எலிக்காதிலை, சிலர் எலிச்செவி என்பார்கள், வற்றாளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் நிலத்தோடு படரும், கணுவில் வேர்விடும், இலையும் சிறுநீரக வடிவம். உங்கள் படத்தின் ஒரு மூலையில், மங்கலாக, மஞ்சளாக ஒரு பூ தெரிகிறது பாருங்கள், சின்னப் புனல்போல. அந்த ஒரு பூவே போதும். வல்லாரை ஒருநாளும் மஞ்சள் பூ பூக்காது. அதன் பூ அரிசி மணியைவிடச் சின்னது, இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை, இலைகளுக்கு அடியில் மண்ணோடு ஒட்டினாற்போல மூன்று நான்காக ஒளிந்திருக்கும், குந்தியிருந்து இலையை விலக்கினால்தான் கண்ணில் படும்.

பூ இல்லாத காலமென்றால் விளிம்பையும் மணத்தையும் பாருங்கள். வல்லாரை இலையின் விளிம்பு கத்தரிக்கோலால் சின்னச் சின்ன வளைவாக வெட்டியதுபோல இருக்கும், எலிக்காதிலையில் அந்த வளைவுகள் இவ்வளவு ஒழுங்காக வராது. பிறகு ஒரு இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மணந்து பாருங்கள். வல்லாரை கொத்தமல்லி, கரட் குடும்பம். கரட்டின் பச்சைத் தலையைக் கிள்ளினால் வரும் ஒரு மணம் இருக்கிறதல்லவா, அதன் தங்கச்சி மணம் வரும். எலிக்காதிலையைக் கசக்கினால் வெறும் பச்சை வாசம்தான். வாயில் போட்டுப் பார்க்கும் சோதனையைக் கடைசிக்கு வையுங்கள், வாய்க்கால் கரைச் செடியில் அதைச் செய்யவே வேண்டாம்.

இனி அந்த இரண்டாவது படம். அசல் வல்லாரை, வெயிலில் வளர்ந்ததால் காம்பு குட்டையாக, இலை பத்து ரூபாய்க் குற்றியைவிடச் சின்னதாக இருக்கிறது, சிங்களத்தில் இந்தச் சின்ன வகையை ஹீன் கொட்டுகொல என்பார்கள். சந்தையில் வரும் நீண்ட காம்பு வல்லாரையைவிட இதுதான் வீரியம் என்று பலர் தேடிப்போய்ப் பிடுங்குகிறார்கள். உங்களுக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பதை உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளும் செடி. ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களும் அதில் அடக்கம். தெஹிவளை வாய்க்கால் பெல்லன்வில, அத்திடிய பக்கத்துச் சதுப்பில் இருந்து வந்து கடலில் விழுவதற்குள் எத்தனை கான்களின் தண்ணீரை வாங்கிக்கொள்கிறது என்பது கரையிலேயே குடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீதியோர மண்ணும் அப்படித்தான். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நின்றுவிட்டது, ஆனால் அதற்கு முன் விழுந்த ஈயம் மண்ணை விட்டு எழும்பிப் போகாது.

“நன்றாகக் கழுவினால் போகாதா, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போகாதா” என்று அடுத்த கடிதம் வரும், அதனால் இப்போதே சொல்கிறேன். மேலே ஒட்டிய சேறு, புழு முட்டை, அழுக்கு எல்லாம் கழுவினால் பெரும்பாலும் போகும். இலைக்குள்ளே போய்விட்ட உலோகம் கழுவினாலும் போகாது, அவித்தாலும் போகாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மூளைக்கு நல்லது என்று ஈயம் சேர்த்துக் கொடுப்பதைவிட ஒன்றும் கொடுக்காமல் விடலாம், ஈயம் முதலில் கெடுப்பதே பிள்ளைகளின் மூளையைத்தான்.

இன்னொரு ஆபத்து பறிக்கப் போகிறவருக்கு. மழை முடிந்த கையோடு வாய்க்கால் கரையில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே போனாலே போதும். கொழும்பிலும் களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் வருடா வருடம் ஆட்கள் இதில் விழுகிறார்கள். இறங்கிவிட்டு ஒன்றிரண்டு கிழமைக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், வாய்க்காலில் இறங்கியதைச் சொல்லுங்கள். சித்த வைத்தியன் நானே இதைச் சொல்கிறேன். பெல்லன்வில பக்கம் உள்ளே போய்ப் பறிக்கலாமே என்றும் யோசிக்கவேண்டாம், அது 1990 இல் இருந்து சரணாலயம், கீரை பிடுங்கும் இடம் இல்லை.

சந்தையில் வாங்குங்கள். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் காலையில் போனால் பிடி பிடியாக வைத்திருப்பார்கள். இலை நிமிர்ந்து, காம்பு கிள்ளினால் டக்கென்று உடையவேண்டும். அடிக்கட்டு கறுத்து வழுவழுப்பாக இருந்தால் வேண்டாம். எங்கே விளைந்தது என்று கேளுங்கள், எல்லோரும் உண்மை சொல்லமாட்டார்கள்தான், ஆனால் நாலு தரம் கேட்டால் உங்களுக்கென்று ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளலாம். வீட்டில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிப் பிடியைப் பிரித்துப் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு, இலையை மேலே அள்ளி எடுங்கள், தண்ணீரை வடிக்காதீர்கள், வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலையில் ஏறிவிடும். மூன்று நான்கு தண்ணீர் மாற்றி, அடியில் மண் தங்காமல் போகும் வரைக்கும் செய்யுங்கள். வெட்டுவதற்கு முன்னம் கழுவவேண்டும், வெட்டிய பிறகு கழுவினால் சாறு போய்விடும்.

இனி ஞாபகசக்தி. “வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே” என்று பழமொழி உண்டு, சரஸ்வதிக் கீரை என்றும் பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் மருத்துவத்தில் நரம்புக்கும் மனத் தெளிவுக்கும் இதைக் கொடுப்பது பழைய வழக்கம், நானும் கொடுக்கிறேன். அதற்காக உங்களுக்குக் கதை விடமாட்டேன். வல்லாரையை மனிதர்களுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளை 2017 இல் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, ஞாபகசக்தி கூடியதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. விழிப்பு கொஞ்சம் கூடியது, கோபம் கொஞ்சம் குறைந்தது என்ற அளவில்தான் அறிகுறி இருந்தது. பரீட்சை நேரத்தில் வீட்டில் கோபம் குறைவதும் சின்ன விஷயம் இல்லை, அது வேறு கதை. ஆனால் கணக்குப் படிக்காத பிள்ளைக்கு வல்லாரை கணக்குச் சொல்லிக்கொடுக்காது. இரவு ஒரு மணி வரை விழித்திருந்து படிக்கிறான் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அந்த நித்திரையைத் திருப்பிக் கொடுத்தாலே நான் தரும் எந்தச் சாறையும்விட ஞாபகம் நிற்கும்.

தோல் காயத்துக்கு இதன் வேலை இன்னும் தெளிவாகத் தெரியும். ஏசியாட்டிகோசைட், மடகாசோசைட் என்று இதில் உள்ள பொருட்கள் காயம் ஆறும்போது கொலாஜன் என்ற தோல் புரதம் உருவாக உதவுகின்றன, அதனால்தான் இப்போது முகப்பூச்சு டியூப்களில் எல்லாம் இதன் பெயர் வருகிறது. மடகஸ்கார் தீவின் பெயர்தான் அந்த இரண்டாவது பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காக வாய்க்கால் இலையைக் கசக்கிப் பிள்ளையின் முழங்கால் புண்ணில் வைக்கவேண்டாம்.

தினமும் வெறும் வயிற்றில் சாறு, மூன்று மாதம்: இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். கீரையாகச் சாப்பிடுவது வேறு, ஒரு பெரிய கட்டை அடித்துப் பிழிந்து ஒரு கிளாஸ் குடிப்பது வேறு. பிழிந்தால் நாலு நாள் சம்பலில் போகவேண்டியது ஒரு காலையில் போய்விடும், அதோடு பச்சையாகப் போகும். வல்லாரையைக் குளிசையாகவும் சத்தெடுத்த மருந்தாகவும் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. 2005 இல் வெளியான பதிவில், அர்ஜென்டினாவில் மூன்று பெண்கள் இருபது நாள் தொடக்கம் அறுபது நாள் வரை எடுத்ததில் மஞ்சள் காமாலை கண்டது, நிறுத்தியதும் தேறினார்கள். சோற்றோடு கீரை சாப்பிட்டவர்கள் பற்றிய பதிவு இல்லை அது. நானும் பெரியவர்களுக்கு மருந்தாகக் கொடுத்தால் சில கிழமை கொடுத்து, இடையில் நிறுத்தித்தான் திரும்பக் கொடுப்பேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கு நீங்களாக மூன்று மாதம் கொடுக்கவேண்டாம்.

கிழமைக்கு இரண்டு மூன்று நாள், ஒரு கைப்பிடி இலை, சாப்பாட்டில். அவ்வளவுதான் அளவு. காலைக்கு என்றால் இலைக்கஞ்சி நல்லது, வெறும் வயிற்றில் என்ற உங்கள் ஆசையும் தீரும். சிவப்புப் பச்சையரிசி ஒரு கைப்பிடியைக் குழைய அவித்து, இரண்டு பல்லு உள்ளியும் ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப்போட்டு, தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி வந்ததும், கொஞ்சத் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்த இலைச்சாறை ஊற்றுங்கள். ஊற்றினதும் மூடி போடாமல் கிளறி, இன்னொரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். நிறைய நேரம் கொதித்தால் பச்சை நிறம் பாசிபிடித்த குளத்து நிறமாகிவிடும், பிள்ளைகள் கிட்டவே வரமாட்டார்கள். உப்பு அளவாக, கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. பனங்கட்டி மாமிக்குக் கிடையாது.

மத்தியானத்துக்குச் சம்பல். இலைகளை அடுக்கிச் சுருட்டி, நூல்போல அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சைவம் இல்லையென்றால் கொஞ்சம் மாசி, உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, தேசிக்காயைச் சாப்பிட உட்காரும்போது மட்டும் பிழியுங்கள். முன்னமே பிழிந்து வைத்தால் புளி பட்டு இலை வாடி நிறம் செத்துவிடும். பச்சையாகச் சாப்பிட மனம் இல்லாதவர்களுக்கும் வயிறு சரியில்லாதவர்களுக்கும் வறையாக வறுத்துக் கொடுக்கலாம், மருந்து குறைந்துவிடுமே என்று கவலைப்படாதீர்கள், சந்தைக் கீரையை அவித்துச் சாப்பிடுவது கொழும்பில் புத்திசாலித்தனம்தான்.

மாமியைப் பற்றி. சம்பலாகவோ வறையாகவோ மற்றவர்கள் சாப்பிடும் அளவில் அவரும் சாப்பிடலாம். சாறு, குளிசை, தூள் வேண்டாம், காரணம் அந்த நித்திரைக் குளிசை. வல்லாரைக்கும் மனதை அமைதியாக்கி நித்திரையைக் கொண்டுவரும் குணம் கொஞ்சம் உண்டு, மருந்தளவில் எடுத்தால் இரண்டும் சேர்ந்து இரவில் எழும்பும்போது தலை சுற்றி விழுத்திவிடலாம். எழுபது வயதில் குளியலறையில் ஒரு விழுகை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று தெரியும்தானே. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறார் என்றால் எந்தப் பச்சைக் கீரையையும் திடீரென்று கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, கிளினிக்கில் சொல்லிவிட்டு ஒரே அளவில் சாப்பிடவேண்டும். முன்னம் ஈரல் வருத்தம் வந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்தளவில் நான் கொடுப்பதில்லை. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு கிழமைக்கு முன்னமே வல்லாரை மருந்தை நிறுத்திவிட்டு, வைத்தியரிடமும் சொல்லவேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில் “கடையில் பிரமி என்று ஒரு போத்தல் இருக்கிறது, அதுவும் இதுதானா” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரை நம்பி வாங்கவேண்டாம். வட இந்தியாவில் சில இடங்களில் வல்லாரையைப் பிரமி என்பார்கள், வேறு சில இடங்களில் நீர்ப்பிரமியைப் பிரமி என்பார்கள். நீர்ப்பிரமி சிங்களத்தில் லுணுவில, தடித்த சின்ன இலை, வெள்ளைப் பூ, வல்லாரைக்குச் சொந்தமே இல்லை. போத்தலில் தாவரப் பெயர் சென்டெல்லா என்றா பக்கோப்பா என்றா போட்டிருக்கிறது என்று பாருங்கள், எதுவும் போடாவிட்டால் திரும்ப வைத்துவிடுங்கள்.

உண்மையில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது மொட்டைமாடியில் ஒரு தட்டம். சந்தையில் வாங்கிய பிடியைப் பிரிக்கும்போது ஒன்றிரண்டு தண்டில் கணுவும் மயிர்போல வேரும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் குப்பையில் போடாதீர்கள். ஆழம் தேவையில்லை, அகலமான பழைய பேசின் ஒன்றின் அடியில் நாலு ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய குப்பையும் கலந்து நிரப்பி, கணு மண்ணைத் தொடும்படி படுக்கவைத்து மேலே கொஞ்சம் மண் தூவுங்கள். மண் காயவே கூடாது, குழாய்த் தண்ணீர் போதும், மத்தியான வெயில் நேரே படாத இடமாக இருக்கட்டும். ஓடுதண்டு விட்டுப் படரத் தொடங்கினதும் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வெட்டலாம். வேரோடு பிடுங்காமல் காம்பை மட்டும் கிள்ளினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். காலி வீதிப் பக்கம் பார்த்த பல்கனியில் வைக்காமல் உட்பக்கமாக வையுங்கள், மண்ணையும் வாய்க்கால் கரையில் அள்ளாமல் நாற்றுக்கடையில் வாங்குங்கள்.

அந்தப் பேசினை மாமியின் பொறுப்பில் விடுங்கள். முதல் இலை பெரிதானதும் ஒன்றைக் கிள்ளிக் கவிழ்த்துவைத்து, காம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியும்படி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.